தூயியா, கோலனா, நிற நாடாவா: ஊர் நூலகத்துக்கு எது சரி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் மூன்று வழிகள் உண்டு. பாடத்துக்கு ஒரு நிறமாகப் புத்தகத்தின் முதுகில் நாடா ஒட்டலாம். பாடத்துக்கு ஓர் எண் கொடுக்கிற, மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பை எடுக்கலாம். இல்லையென்றால், 1933இல் எஸ். ஆர். ரங்கநாதன் கொண்டுவந்த கோலன் பகுப்பு. ரங்கநாதன் சீர்காழிக்காரர், காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த அதே 1892இல் பிறந்தவர்.

சிறுவர் பகுதிக்கு நிற நாடாவே போதும். பெரியவர்களின் புத்தகம் பெருகியதும் அது திணறிவிடும். பச்சை நாடாவுக்குள் நெற்செய்கையும் மீன் வளர்ப்பும் கலந்து கிடக்கும். தூயியில் நெல் 633.18, மீன் வளர்ப்பு 639.3, தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் தூயியிடம் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. சமயத்துக்கான 200இல், 220 முதல் 280 வரையான பிரிவுகள் முழுக்கக் கிறிஸ்தவத்துக்கு. மற்றச் சமயங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கியடித்து நிற்கின்றன: இஸ்லாம் 297, இந்து சமயம் 294.5, சைவத்துக்கு 294.5513. கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கிற இந்தக் கரையோரத்தில், அதிகம் கேட்கப்படும் புத்தகங்களுக்கே இடம் குறைவு. இலக்கியத்தில் தூயி பார்ப்பது மொழியை, நாட்டை அல்ல. தமிழ்ப் புனைகதை என்றால் 894.8113தான். கல்முனை எழுத்தாளரின் நாவல் சென்னை நாவல்களுக்கு நடுவில் மறைந்துவிடும்.

கூத்து இன்னும் சிக்கல். வடமோடிக் கூத்துப் பிரதி நாடக இலக்கியமாக 894.8112க்குப் போகும், ஆட்டமுறை பற்றிய ஆய்வு 792க்குப் போகும். இங்கேதான் கோலனின் அழகு தெரியும். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகமாகப் பாடத்தைப் பிரித்து, நிறுத்தக்குறிகளால் கோத்து எண்ணை உருவாக்குகிறது. எது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று கேட்டுக்கொண்டே போகிற அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். நூலகம் படிக்கிற எவரும் அதைக் கட்டாயம் பழக வேண்டும்.

ஆனாலும் ஊர் நூலகத்துக்கு என் தெரிவு தூயிதான். கோலனில் ஒவ்வொரு புத்தகத்தையும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து பிரித்தாக வேண்டும். அவர் மாற்றலாகிப் போனால் வேலை அப்படியே நின்றுவிடும். தூயி எண்ணோ பல புத்தகங்களின் உட்பக்கத்திலேயே அச்சாகி வருகிறது. அதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: இறாக்கை நிரம்பும்வரை 294.5 போதும். நம் மண்ணைப் பற்றிய புத்தகங்களின் எண்ணுக்கு முன்னால் 'ம' என்று எழுதித் தனி இறாக்கையில் வையுங்கள். கடற்காற்றில் ஒட்டுத்தாள் கழன்றுவிடும் என்பதால் தலைப்புப் பக்கத்தின் பின்புறமும் பென்சிலால் எண்ணை எழுதுங்கள். அப்புறம் "கூத்துப் பிரதி 894.8112, கூத்து ஆய்வு 792" என்பது போன்ற முடிவுகளை ஒரு கொப்பியில் குறித்து, அடுத்து வருகிறவர் கையில் அதைக் கொடுங்கள்.