விளம்பரத் தடுப்பானை வைரஸ் என்று பிடித்த ஆன்டிவைரஸ்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் கோளாறு அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. கணினியின் வேகத்தை அது குறைக்கவில்லை, பென் டிரைவைச் செருகினால் உடனே சோதிக்கிறது, அப்டேட்டுகளைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொள்கிறது. இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகராறு முழுவதும் உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரலான ஒரே ஒரு நீட்டிப்பை வைத்துத்தான்.

அது ஒரு விளம்பரத் தடுப்பான். மூல நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது, உலாவியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து நிறுவியது, நெடுநாள் புழங்கியது. அதைத்தான் ஆன்டிவைரஸ் திடீரென்று பிடித்தது. திரையின் மூலையில் "அச்சுறுத்தல் நீக்கப்பட்டது" என்று ஒரு சிவப்புப் பெட்டி. எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர், ஒரு வார்த்தை இல்லை. அடுத்து உலாவி தன் பங்குக்கு, "இந்த நீட்டிப்பு சிதைந்திருக்கலாம்" என்று சொல்லி அதை முடக்கியது. குரோம் வகை உலாவிகள் கடையிலிருந்து வந்த நீட்டிப்பின் கோப்புகளை ஹாஷ் வைத்து, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியீட்டை வைத்து, சரிபார்க்கும். இடையில் ஒன்றை யாரேனும் தூக்கிவிட்டால் கணக்கு உதைக்கும். பழுதுபார்க்கும் பொத்தானை அழுத்தினால் கோப்பு மறுபடி இறங்கும். இறங்கிய கையோடு ஆன்டிவைரஸ் மறுபடி தூக்கும். இரண்டும் தத்தம் கடமையைத்தான் செய்கின்றன, நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர் நாம்.

கோப்பின் பெயரைக் கண்டுபிடிக்க வரலாறு, விவரங்கள், மேலும் விவரங்கள் என்று மூன்று அடுக்கு இறங்க வேண்டியிருந்தது. குவாரண்டைனில், அதாவது சந்தேகக் கோப்புகளை ஆன்டிவைரஸ் அடைத்துவைக்கும் இடத்தில், இருந்த அந்தக் கோப்பு நிரலே அன்று, வெறும் உரைக்கோப்பு. வரிக்கு ஓர் இணைய முகவரி. தீநிரல் பரப்பும் தளங்களைத் திரட்டித் தரும் யூஆர்எல்ஹாஸ் போன்ற பட்டியல்களை விளம்பரத் தடுப்பான்கள் தம்முடன் சுமந்து வருவது வழக்கம். அத்தளங்களுக்குள் நாம் நுழைந்துவிடாமல் தடுப்பதற்காக. தீநிரல்களின் அடையாளங்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஆன்டிவைரஸின் கையொப்பத் தரவுத்தளத்திலும் அதே முகவரிகள் இருக்கின்றன. காவல் நிலையப் பலகையில் ஒட்டியிருக்கும் திருடர் படங்களைப் பார்த்துவிட்டு, நிலையத்தையே திருடர் குகை என்று சீல் வைத்த கதைதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை ஆன்டிவைரஸ் தரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும். விளம்பரத் தடுப்பானுக்கு எல்லாப் பக்கங்களையும் படிக்க அனுமதி வேண்டும், பக்கம் இணையத்துக்கு அனுப்பும் கோரிக்கைகளை இடைமறிக்க வேண்டும், பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் செலுத்த வேண்டும். கடவுச்சொல் திருடும் நீட்டிப்புக்கும் இதே அதிகாரங்கள்தாம் தேவை. அளவு குறைப்பதற்காகச் சுருக்கி எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்டும், ஒளித்து எழுதப்பட்ட தீநிரலும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரி குழம்பிக் கிடக்கும். நடத்தையை வைத்து ஊகிக்கும் எஞ்சின் தடுமாறுவதில் வியப்பில்லை. எச்சரிக்கையின் பெயரில் "ஜென்" (ஜெனரிக், பொதுவானது) அல்லது "ஹியூர்" (ஹியூரிஸ்டிக், ஊகம்) என்று ஒட்டியிருந்தால், இன்ன வைரஸ் என்று அடையாளம் கண்டு சொல்லவில்லை, சாயலை வைத்துச் சொல்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படித் தவறுவது புதிதும் அன்று. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற இயங்குதளக் கோப்பையே வைரஸ் என்று பிடித்ததில் ஏராளமான கணினிகள் முடங்கின. 2011 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு மென்பொருள் குரோம் உலாவியையே வங்கித் திருட்டு ட்ரோஜன் என்று சொல்லிச் சில கணினிகளிலிருந்து நீக்கியது.

ஆனால் எச்சரிக்கையைச் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்டிப்பு பல ஆண்டுகள் நல்ல பிள்ளையாக இருந்து, கை மாறிய பிறகு கெட்டுப்போய், 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. 2020இல் நானோ ஆட்பிளாக்கர் என்ற விளம்பரத் தடுப்பானுக்கும் விற்பனைக்குப் பின் இதே கதி. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் நிறுவனத்தின் நீட்டிப்பில் நடந்தது வேறு வகை: அதன் ஊழியர் ஒருவர் ஃபிஷிங் எனப்படும் ஏமாற்று மின்னஞ்சலில் சிக்கியதால், தாக்குதல்காரர்கள் தீய பதிப்பை அதிகாரபூர்வக் கடை வழியாகவே வெளியிட்டனர். ஆகவே அனுமதி கொடுக்கும் முன், உரிமையாளர் மாறியிருக்கிறாரா, அண்மைப் பதிப்பு புதிய அனுமதி எதுவும் கேட்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். பிறகு கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றுகிறேன். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகுள் வாங்கிய இந்தச் சேவை, ஒரே கோப்பை எழுபது அளவிலான எஞ்சின்களிடம் காட்டும். என் விஷயத்தில் இரண்டு மட்டும் சிவப்பு; மற்றவை பச்சை. இங்கே ஒரு நுணுக்கம்: ஒரே எஞ்சினை உரிமம் பெற்று விற்கும் நிறுவனங்கள் பல. இரண்டு பெயர்களும் எழுத்துப் பிசகாமல் ஒரே எச்சரிக்கையைச் சொன்னால், அதை ஒரே குரலாக எண்ணுவதே சரி. பழைய முடிவை நம்பாமல் மறுசோதனைப் பொத்தானையும் அழுத்திவிட வேண்டும்.

இவற்றைச் சோதிக்காதே என்று நாம் சொல்லிவைக்கும் விலக்குப் பட்டியலில்தான் இந்த ஆன்டிவைரஸ் என்னிடம் மதிப்பெண் இழந்தது. குறிப்பிட்ட கோப்பை ஹாஷ் மூலம் விலக்க வழியில்லை. கோப்பு எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்ற பாதையை மட்டுமே கொடுக்கலாம். நீட்டிப்பின் பாதையிலோ பதிப்பு எண் ஒரு ஃபோல்டராக உட்கார்ந்திருக்கும். அடுத்த அப்டேட்டில் எண் மாறும், விலக்கு செல்லாக்காசாகும், சிவப்புப் பெட்டி திரும்பி வரும். வாடிக்கையாளர் சேவையில், உலாவியின் புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் விலக்கிவிடுங்கள் என்றார்கள். குக்கீகளும் சேமித்த கடவுச்சொற்களும் இருக்கும் இடம் அது! அங்கே காவல் வேண்டாம் என்றால் பிறகு எதற்கு ஆன்டிவைரஸ்? a முதல் p வரையிலான ஆங்கில எழுத்துகளில் 32 எழுத்து நீளத்துக்கு ஓர் அடையாளப் பெயர் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் இருக்கும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்கினேன். நாளை அந்த நீட்டிப்பே கெட்டுப்போனால் இந்த விலக்கு அதற்கும் கதவு திறந்துவிடும் என்பதால், இதையும் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தேன்.

தவறான எச்சரிக்கை என்று புகார் செய்யும் படிவம், தேடுபவருக்குக் கிடைக்கும். கோப்பைக் கடவுச்சொல் இட்ட ஜிப்பாக அனுப்ப வேண்டும். கடவுச்சொல் "இன்ஃபெக்டட்" (infected, தொற்றுள்ளது) என்றே வைப்பது இத்துறை மரபு. தானியங்கிப் பதில் உடனே வந்தது. மனிதப் பதில் வரவேயில்லை, ஆனால் சில நாள்களில் கையொப்ப அப்டேட்டுக்குப் பிறகு எச்சரிக்கை நின்றது. நீட்டிப்பின் பட்டியல் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டபோது மறுபடி வந்தது, மறுபடி எழுதினேன், மறுபடி நின்றது. நீட்டிப்பை இலவசமாக எழுதித் தருபவரிடம் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. அவர் கையில் எதுவும் இல்லை.

எதைக் கண்டாலும் தானாக நீக்கும் அமைப்பை மாற்றி, என்னைக் கேட்டுவிட்டுச் செய் என்று வைத்த பிறகு தொல்லை பாதியாகக் குறைந்தது. குவாரண்டைனிலிருந்து கோப்பை மீட்பதும் பழுதில்லாமல் நடக்கிறது. சந்தாவை இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப் போகிறேன். எச்சரிக்கைப் பெட்டியிலேயே கோப்பின் பெயரும், ஹாஷ் வழி விலக்கும் அதற்குள் வராவிட்டால், விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே எனக்குப் போதும்.