ராமநாதபுரமா, ராமேஸ்வரமா, கீழக்கரையா: எங்கே குடியிருக்கலாம்?

சென்னையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ ஊர் திரும்ப நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை சுமார் 17 கிலோமீட்டர், ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். இவ்வளவு அருகில் இருந்தும் மூன்று ஊர்களிலும் பிழைப்பு மூன்று விதம். அங்கங்கே குடியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் மனம் விட்டுச் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் வயதானவரோ பள்ளிக்குப் போகும் பிள்ளையோ இருந்தால் ராமநாதபுரம்தான். மற்றவர்களுக்கு யோசிக்க இடம் உண்டு.

இந்தக் கரையில் வீடு பார்க்கிறவர் எத்தனை அறை என்று கேட்பதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். ராமநாதபுரத்தில் ஆழ்குழாய் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். குளிக்கலாம், துணி துவைக்கலாம், பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் காவிரி கூட்டுக் குடிநீரை நம்ப வேண்டும். அது வராத நாட்களில் வண்டித் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்க வேண்டும். என் அத்தை வீட்டு அடுப்படியில் உப்புத் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் வாளி, காவிரிக்கு எவர்சில்வர் அண்டா, விலைக்கு வாங்கியதற்கு மூடி போட்ட குடம் என்று மூன்றும் தனித்தனியே இருக்கும். விருந்தாளி தெரியாமல் அண்டாவில் கை கழுவ மொண்டால் அத்தையின் முகம் மாறிவிடும். "வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் தம்பி, அதைத் தொடாதே" என்பார். குழாய் வாயில் வெள்ளைப் பொருக்குப் படிவதும், ஹீட்டர் சீக்கிரம் பழுதாவதும் இங்கே எல்லா வீட்டிலும் உள்ள செலவு. கீழக்கரையிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

ராமேஸ்வரம் தீவில் நிலைமை கொஞ்சம் வேறு. மணற்பாங்கான இடங்களில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டி மொண்டு குடிக்கிறார்கள். மணலில் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்பு நீருக்கு மேல் மிதந்து நிற்பதால் கிடைப்பது அது. அளவுக்கு மீறி மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். விடுதிகள் பெருகப் பெருகத் தங்கள் கிணறு கரிக்கிறது என்று கோயிலைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. இதற்கு ஒரு கட்டுப்பாடு வந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது; 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. கீழக்கரையிலிருந்து அங்கே போக அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகலாம். ராமேஸ்வரத்தில் இரவு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முதலில் பாலம், பிறகு ராமநாதபுரம், அங்கும் முடியாவிட்டால் மதுரை. 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. விடுமுறை நாட்களில் அந்தப் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்திக் கடல் பார்க்கிறார்கள். தீவில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண் இருக்கும் வீட்டில் இந்த நெரிசலைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று அறிந்தால் யாரும் அங்கே வண்டியை நிறுத்த மாட்டார்கள்.

ரயிலிலும் தீவுக்கு இதே தொல்லை இருந்தது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், ரயில்கள் இக்கரையோடு நின்றுவிட்டன. ராமேஸ்வரத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிப் போனார்கள். இப்போது அந்தச் சிரமம் தீர்ந்தது. கீழக்கரைக்கு ரயிலே கிடையாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், ராமேஸ்வரத்தில் இருப்பவர்கள் ஊரை விட்டுக்கொடுப்பதில்லை. ஏனென்று விடியற்காலையில் கிழக்குக் கோபுரத் தெருவில் நின்றால் புரியும். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்தவர்கள் ஈர வேட்டியும் ஈரப் புடவையுமாகக் கோயிலுக்குள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராட விரைகிறார்கள்; தெரு முழுக்க ஈரக் கால்தடம். வடக்கத்தியர் நடுவே உள்ளூர்ப் பால்காரர் மணியடித்துக்கொண்டு போவார். ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் அதே தெருவில் வீட்டுக்காரரே நுழைய முடியாது. வீடு கிடைப்பதும் கடினம். மாத வாடகையைவிட நாள் வாடகை லாபம் என்றால் யார்தான் குடும்பத்துக்கு விடுவார்கள்? மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் கணக்கு தனி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கடலுக்குப் போகும் மாதங்களிலோ இலங்கைக் கடற்படை பிடித்துவிடுமோ என்ற பயம். படகு கரை திரும்பும்வரை வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை.

கீழக்கரையைப் பற்றிக் கேட்டால் அங்கே இருப்பவர்கள் முதலில் சாக்கடையைத்தான் திட்டுவார்கள். சந்துகள் குறுகல், மழை பெய்தால் கழிவுநீர் தெருவுக்கு வந்துவிடும். வெளிநாட்டுப் பணம் புழங்குவதால் மனை விலை அதிகம். ஆனால் மனிதர்கள்! வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர் என்ற பெருமையை வாய்ச்சொல்லோடு விடாமல் இன்றும் காப்பாற்றுகிறார்கள். ஒரு வீட்டில் சிகிச்சைக்குப் பணம் தேவை என்றால் மறுநாளே திரட்டிவிடுகிறார்கள். அங்கே பணிக்காகக் குடியேறிய என் நண்பர் இந்து. பக்கத்து வீட்டுப் பெரியவரைக் காக்கா (அண்ணன்) என்றும் அவர் மனைவியை லாத்தா (அக்கா) என்றும்தான் அழைக்கிறார். நோன்பு மாதத்தில் மாலையானால் கஞ்சித் தூக்கு அவர் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும். தொதல் என்ற இனிப்பைக் கிண்டும் நாளில் ஒரு பங்கு தனியே எடுத்து வைப்பார்கள். கல்லூரிகளும் உண்டு, பெண்களுக்கென்றே ஒன்று இருப்பதால் மகளைப் படிக்க வைக்க வெளியூர் அனுப்ப வேண்டியதில்லை.

ராமநாதபுரத்தில் அத்தகைய ஒட்டுதலை நான் பார்க்கவில்லை. எல்லோரும் வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ வந்தவர்கள். கடல் காற்றும் கிடையாது. சித்திரை வெயிலில் அரண்மனைப் பக்கம் நடந்தால் தலை சுற்றும். மாலையில் குடும்பத்தோடு போய் உட்கார ஓர் இடம் சொல் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லாத் திசைக்கும் பஸ் உண்டு, பள்ளிகளில் தேர்ந்தெடுக்க வழி உண்டு, கலெக்டர் அலுவலகக் காரியம் ஒரு காலையில் முடியும். மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் மீன் எல்லாம் இங்கேயே வந்துவிடுகிறது.

பணி ஓய்வு பெற்ற, உடல்நலத்தோடு இருக்கிற தம்பதி என்னைக் கேட்டால் கீழக்கரையைச் சொல்வேன். கோயிலே வாழ்க்கை என்று இருப்பவர்களை ராமேஸ்வரத்திலிருந்து தடுக்க மாட்டேன். எந்த ஊரானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் வைகாசியில் ஒரு முறை போய் மோட்டாரைப் போடச் சொல்லி ஒரு வாய் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு முறை போய்த் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று நின்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். குழாயில் எந்தக் கிழமை தண்ணீர் வரும், எத்தனை குடம் பிடிக்கலாம் என்பது வரை சொல்லிவிடுவார்கள்.