மேல் கிளாம்ப் என்னும் தலைவலி: 16 அங்குல ஸ்க்ரோல் சா பயன்பாட்டு அனுபவம்

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவான டிசைன்களை வெட்டும் மேசை ரம்பம். அதன் ஆரம்பநிலை 16 அங்குல மாடலுக்கு விலை குறையும்போதெல்லாம் "எடுக்கலாமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். இந்த முறை கேட்டவர் ஜாலி வேலைப்பாட்டில், அதாவது பலகையில் நிறையத் துளைகள் வெட்டி எடுக்கும் பின்னல் டிசைனில், ஆசை உள்ள நண்பர். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர முடியாது. தொண்டை ஆழம் (பிளேடிலிருந்து பின்பக்கச் சட்டம் வரை உள்ள தூரம்), மோட்டார் வாட், டேபிள் எத்தனை டிகிரி சாயும் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். அச்சடிக்காமல் விட்டது ஒன்று உண்டு: பிளேடின் மேல் முனையைப் பிடிக்கும் கிளாம்ப். இந்த ரக மெஷினோடு நெடுநாள் மல்லுக்கட்டிய எவரும் முதலில் திட்டுவது அதைத்தான்.

அலங்கார வேலையில் வெளிக்கோடு என்பது கடைசியில் போடும் ஒரே ஒரு வெட்டு. மற்றதெல்லாம் உள்வெட்டு, அதாவது ஓரத்தைத் தொடாமல் பலகைக்குள்ளேயே முடியும் வெட்டு. சுவரில் மாட்டும் சுமாரான ஒரு கொடிப் பின்னல் டிசைனிலேயே 80, 90 துளைகள் வந்துவிடும். ஒவ்வொரு துளைக்கும் பிளேடைக் கழற்றி, மரத்தை நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். கையால் திருகும் நல்ல கிளாம்பில் இதற்கு 10 விநாடி போதும். ஆலன் கீ (அறுகோணத் திருகுசாவி) கேட்கும் கிளாம்பில் ஒரு நிமிடம் பிடிக்கும். 90 துளை என்றால் அங்கே 15 நிமிடம், இங்கே ஒன்றரை மணி நேரம். ரம்பம் மரத்தில் ஓடும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த ஒரு நிமிடத்தில் என்னதான் நடக்கிறது? மெஷினை நிறுத்தி, பிளேடை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் குமிழைத் தளர்த்தி, ஆலன் கீயால் மேல் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புகிறோம். பிளேடு கீழ்க் கிளாம்பிலேயே நிற்கும். மரத்தை மேலிருந்து இறக்கி, 1.5 மி.மீ. துளைக்குள் பிளேடின் முனையைக் கோர்க்க வேண்டும். இதுவரைக்கும் சரி. இனி ஒரு கை, மேல் கிளாம்பைத் தாங்கும் ஆர்மைச் சற்றே அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை பிளேடின் முனையைக் கிளாம்பின் பிளவுக்குள் நேராக நிறுத்த வேண்டும். ஆலன் கீயைத் திருகுவது யார்? சுண்டுவிரலும் கட்டைவிரலும் சர்க்கஸ் செய்துதான் இது முடியும். பாதி வெட்டு முடிந்த 3 மி.மீ. ப்ளைவுட்டில், நூல் மாதிரி நிற்கும் இணைப்புகளின் மேல் மணிக்கட்டு லேசாகப் பட்டாலும் ஒரு இலை உடைந்து கீழே விழும்.

"பின் வைத்த பிளேடு போடுங்கள், கொக்கியில் மாட்டினால் முடிந்தது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். இரு முனையிலும் சிறு குறுக்குக் கம்பி (பின்) உள்ள பிளேடு அது. அவர்கள் சொல்வது பாதி உண்மை. மாட்டுவது சுலபம்தான். ஆனால் அந்தக் குறுக்குப் பின் உள்ளே போக ஏறக்குறைய 5 மி.மீ. துளை வேண்டும். டிசைனில் இருக்கும் இடைவெளியே 3 மி.மீ. என்றால் என்ன செய்வது? நுணுக்க வேலைக்கு, அந்தக் குறுக்குப் பின் இல்லாத வெற்று முனைப் பிளேடைத் தவிர வேறு வழியில்லை. பின் பிளேடை மட்டுமே ஏற்கும் மெஷின் குழந்தைகளின் பொம்மைப் புதிருக்குத்தான் ஆகும்.

மாட்டிய பிறகாவது பிளேடு நிற்குமா என்றால், அதுவும் உறுதியில்லை. பாதி வெட்டில் 'டப்' என்று மேல் முனை வழுக்கி வந்துவிடும். இதற்குக் காரணம் இரண்டு. புதுப் பிளேடில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் முதல் காரணம். பிளேடின் இரு முனைகளையும் 220 நம்பர் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்துவிட்டால் அது போய்விடும். கிளாம்பின் உள்பக்கத்தையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். இரண்டாவது காரணம் ஸ்க்ரூவின் நுனி. பிளேடு கடினமான எஃகு, ஸ்க்ரூ அதைவிட மென்மை. நாள்பட நாள்பட நுனியில் ஒரு பள்ளம் விழும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிளேடு அந்தப் பள்ளத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், பிடி இருக்காது. ஸ்க்ரூவைக் கழற்றி நுனியை அரத்தால் தட்டையாக ராவிவிட்டால் சில மாதம் ஓடும். அப்புறம் புது ஸ்க்ரூதான்.

இன்னொரு சங்கடம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒற்றை ஸ்க்ரூ சுழன்று இறுகும்போது பிளேடையும் கூடவே லேசாகத் திருப்பிவிடும். பற்கள் நேர் முன்னால் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்கும். கோட்டில் நிறுத்தவே முடியாது. ஸ்க்ரூ இரண்டு பக்கமும் உள்ள கிளாம்ப் என்றால், ஒரு பக்க ஸ்க்ரூவை நடுக்கோட்டில் நிறுத்தி அசையாமல் வைத்து, மறுபக்கத்தை மட்டும் பயன்படுத்துவது நல்லது. மெஷினைக் கையால் சுற்றி, பிளேடின் பக்கவாட்டிலும் முன்னாலும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் மேல், கீழ்க் கிளாம்புகள் ஒரே செங்குத்தில் இருக்கின்றனவா என்று தெரியும். முன்பின்னாக விலகியிருந்தால் பிளேடு மேலும் கீழும் போகும்போது முன்னும் பின்னும் அளவுக்கு மீறி ஆடும், கூர்மூலைகள் மழுங்கும்.

வழுக்குகிறதே என்று ஆலன் கீயில் பலத்தைக் காட்டினால் அடுத்த செலவு தயார். கிளாம்பின் உடம்பு மென்மையான வார்ப்பு உலோகம். மரை தேய்ந்துபோனால் ஸ்க்ரூ சும்மா சுற்றும். என்னிடம் உள்ள இந்த மெஷினில் சமீபத்தில் மாற்றியதும் அதே மேல் கிளாம்பைத்தான். மோட்டாரோ பேரிங்கோ அல்ல. விரலால் திருகும் அளவு இறுக்கி, அதன் பிறகு கீயால் கால் சுற்று. அதற்கு மேல் போகவே கூடாது. கால் சுற்றில் நிற்கவில்லை என்றால் நுனியைப் பார்க்க வேண்டும். கைப்பிடி வைத்த ஸ்க்ரூவாக மாற்றிக்கொண்டால் ஒரு நிமிடம் 30 விநாடிக்கு இறங்கும். பழைய ஸ்க்ரூவைக் கையோடு எடுத்துப் போய் மரை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், நுனி தட்டையாக இருக்க வேண்டும், சுழலும்போது கைப்பிடி ஆர்மில் இடிக்கக் கூடாது. இந்த மாற்றத்தைத் தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பது புரியாத புதிர்.

கோபத்தில் செய்யாத குற்றத்தையும் மெஷின் தலையில் கட்டிவிடக் கூடாது. "நேர்கோடு வெட்டினால் வலப்பக்கம் இழுக்கிறது" என்று பலர் புகார் சொல்வார்கள். அது பிளேடின் குணம். தகட்டில் பற்களை உருவாக்கும்போது ஒரு பக்கம், பெரும்பாலும் வலப்பக்கம், பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். மரத்தை மூன்று முதல் ஐந்து டிகிரி சாய்த்துத் தள்ளப் பழகினால் தீர்ந்தது. விலை உயர்ந்த மெஷினிலும் இதே கதைதான்.

மற்ற விஷயங்களில் இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வார்ப்பிரும்பு டேபிள் இன்றும் தட்டை. நிமிடத்துக்கு 400 முதல் 1600 வீச்சு (பிளேடு ஏறி இறங்கும் தடவை) வரை வேகத்தை மாற்றலாம், குறைந்த வேகத்திலும் திணறுவதில்லை. மெல்லிய ப்ளைவுட்டுக்கு 700 பக்கம் வைத்தால் கை நிதானமாக இருக்கும், 20 மி.மீ. கடினமரத்துக்கு 1400க்கு மேல் போகலாம். டேபிளின் சாய்வு காட்டும் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. 40 மி.மீ. தடிமன் துண்டு ஒன்றில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல் வெட்டி, துண்டைத் திருப்பிப் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோக வேண்டும். முதுகு அந்தக் கீறலுக்குள் சுளுவாக இறங்கினால் டேபிள் செங்கோணம். விலகினால், தெரியும் விலகலில் பாதிதான் உண்மையான பிழை. ஒரே கட்டையில் இரு பக்கமும் வெட்டி முப்பரிமாண உருவம் எடுப்பவர்கள் இதைச் செய்யாமல் தொடங்கினால் உருவம் வெளியே வராது, கட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எதிர்பாராத சந்தோஷம் வெட்டின் ஓரத்தில் இருக்கிறது. நல்ல பிளேடு போட்டால் ஓரம் பாலிஷ் போட்டது போல வருகிறது, உப்புத்தாளே வேண்டாம். கீழ்ப்பற்கள் சில மேல்நோக்கித் திரும்பியிருக்கும் ரிவர்ஸ் பிளேடு வாங்கினால் அடிப்பக்கப் பிசிறும் இருக்காது. ஒரு நிபந்தனை: பிளேடு உச்சிக்கு ஏறும்போது அந்தத் தலைகீழ்ப் பற்களில் இரண்டு மூன்று டேபிளுக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பற்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான். பிளேடின் பருமனை நம்பரால் சொல்வார்கள்: 3 மி.மீ. மரத்துக்கு நம்பர் 1, 6 மி.மீ.க்கு நம்பர் 2 அல்லது 3, 20 மி.மீ.க்கு நம்பர் 5 என்று தொடங்கலாம். ப்ளைவுட்டின் பசை பிளேடை வெகு சீக்கிரம் மழுக்கிவிடும். மரத்தை அழுத்தித் தள்ளத் தோன்றும் நிமிடமே பிளேடை மாற்றும் நிமிடம். டஜன் கணக்கில் வாங்கி வைப்பதுதான் வழி. பிளேடு எங்கே உடைகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. நடுவில் உடைந்தால் டென்ஷன் அதிகம் அல்லது தள்ளல் அதிகம். கிளாம்பின் ஓரத்தில் உடைந்தால், மறுபடியும் அதே மேல் கிளாம்ப்: கோணலாகப் பிடித்திருக்கிறது.

டென்ஷனுக்கு அளவு: விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது, மீட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மேப்பிள், செர்ரி மாதிரி மரங்கள் ஓரத்தில் கருகும். டிசைன் தாளின் மேல் சாதாரண பேக்கிங் டேப் ஒட்டி அதன் வழியாக வெட்டினால் கருகல் வெகுவாகக் குறையும். 3 மி.மீ. ப்ளைவுட் மூன்று, நான்கை அடுக்கி ஓரங்களை டேப்பால் சுற்றி வெட்டினால் ஒரே முயற்சியில் அத்தனை பிரதிகள் கிடைக்கும். கிளாம்ப் கொடுமைக்கு இதைவிட நல்ல பழிவாங்கல் இல்லை. ஒருமுறை மாட்டும் தொல்லையை நான்கு துண்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெட்டும் வரிசை மட்டும் மாறக் கூடாது. நடுவிலிருந்து வெளியே, சிறிய துளைகள் முதலில், பெரிய வெற்றிடங்கள் கடைசியில். பெரியதை முதலில் வெட்டினால் மிச்சமிருக்கும் மரம் அதிரத் தொடங்கும்.

தமிழில் பெயர்ப் பலகை வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஞ', 'ண' போன்ற சுழி எழுத்துகளில் ஒவ்வொரு மூடிய சுழியும் ஓர் உள்வெட்டு. மெய்யெழுத்தின் புள்ளி தனியாக உதிர்ந்து தூளோடு போய்விடும். புள்ளியை எழுத்தோடு ஒரு சிறு கழுத்தால் இணைத்து வரைந்துகொள்ள வேண்டும், அல்லது பின்பலகையில் தனியாக ஒட்ட வேண்டும். கழுத்து 2 மி.மீ.க்குக் குறைந்தால் நிற்காது, அதுவும் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம்.

தூள் ஊதும் குழாய் பெயருக்குத்தான் இருக்கிறது. கோட்டை விட்டுவிட்டு வேறெங்கோ ஊதும். மீன்தொட்டிக் காற்றுப் பம்பை அதன் இடத்தில் இணைத்தால் பிரச்சினை முடிந்தது. அதிர்வுக்கு அடியில் ரப்பர் விரிப்பு, கனமான மேசை, நான்கு போல்ட். முகமூடி கட்டாயம், இந்த ரம்பத்தின் தூள் மாவைப் போல நைசாக இருக்கும்.

இனி நண்பரின் கேள்விக்கு வரலாம். டேபிள் நன்று, வேகம் நன்று, வெட்டு மிக நன்று, கிளாம்பையும் பாதியாவது சரிசெய்யலாம். இத்தனையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன்: வேண்டாம். ஜாலி வேலைக்கு இதை எடுக்காதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். கணக்குப் போட்டால் நியாயமில்லாத தீர்ப்பு என்று தெரியும். ஆலன் கீயைக் கையில் வைத்துக்கொண்டு 60-வது துளையில் நிற்கும்போது இதுதான் வாயில் வருகிறது. புதிர்த் துண்டுகள், ஒட்டுச் சித்திரம், முப்பரிமாண உருவம் என்று வெளிவெட்டு மட்டுமே செய்கிறவர் தாராளமாக எடுக்கலாம். அவருக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை.

எந்த மெஷினைப் பார்க்கப் போனாலும், ஓட்டிக் காட்டச் சொல்வதோடு விடாதீர்கள். காலி டேபிளில் எல்லாமே அழகாகத்தான் ஓடும். பின் இல்லாத நம்பர் 2 பிளேடு ஒன்றையும், நடுவில் 1.5 மி.மீ. துளை போட்ட ப்ளைவுட் துண்டு ஒன்றையும் கொண்டு போங்கள். மரத்தைக் கோர்த்து மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பாருங்கள். விற்பவரையே செய்யச் சொன்னால் இன்னும் நல்லது.