மோட்டார் முறுக்கும் கிட்டார் ட்யூனர்: நீண்ட நாள் ஓட்டத்தில் தாங்கியதும் தேய்ந்ததும்

கிட்டார் தந்தியின் சுருதியை அளந்து, மோட்டாரால் தானே சரிசெய்யும் கருவி இது. சுருதியை அளப்பது இதில் சுலபமான பாதி. தந்தியை முறுக்கும் கீயை (தலைப்பகுதியில் உள்ள திருகு) திருப்புவதுதான் தலைவலி. நாள்பட ஓடும்போது வந்த கோளாறுகளில் முக்கால்வாசி மோட்டார் பக்கத்திலிருந்தே வந்தன.

அமைப்பு இதுதான்: புரோகிராமை ஓட்டும் இஎஸ்பி32 போர்டு, அதிர்வை மின் சிக்னலாக்கும் 27 மி.மீ பீசோ தகடு, அந்தச் சிக்னலைப் பெருக்கும் எம்சிபி6002 ஆப்-ஆம்ப், டிஆர்வி8833 மோட்டார் டிரைவர், 6 வோல்ட் 30 ஆர்பிஎம் என்20 கியர் மோட்டார், ஒரு 18650 லித்தியம் செல், மோட்டாருக்கு 6 வோல்ட் தரும் பூஸ்ட் மாட்யூல், தந்தியைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன், மோட்டாரின் முனையில் கீயைக் கவ்வும் அச்சடித்த சாக்கெட். மைக் வேண்டாம். பக்கத்து அறை டிவியையும் சேர்த்துக் கேட்கும். பீசோவைத் துணி கிளிப்பில் ஒட்டித் தலைப்பகுதியில் மாட்டினால் மரத்தின் அதிர்வு மட்டும் வரும்.

பீசோவிலிருந்து வரும் ஒயர் ஷீல்டு ஒயராக இருக்கட்டும்; இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறிவிடும். 1 மெகாஓம் வழியாகப் பாதி வோல்டேஜில் நிறுத்தி, 11 மடங்கு பெருக்கி, 1.5 கிலோஓம், 100 நானோஃபாரட் வடிகட்டியைத் தாண்டி ஏடிசிக்கு (வோல்டேஜை எண்ணாக்கும் போர்டின் பகுதி) அனுப்பினால் போதும். கையில் எல்எம்358 இருக்கிறதே என்று போடாதீர்கள். 3.3 வோல்ட்டில் அதன் வெளியீடு 2 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. அலையின் தலை வெட்டுப்படும்.

ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டில் செய்தால் என்ன? மெமரி 2 கிலோபைட்தான். இரண்டு பைட் வீதம் 1024 சாம்பிள் (அலையின் ஒவ்வொரு அளவீடு) வைத்தாலே தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் கடிகாரம். யூனோவின் முதன்மைச் சிப்புக்குக் கிரிஸ்டல் கிடையாது, செராமிக் ரெசனேட்டர்தான். அதில் 0.5 சதவீதப் பிழை என்றால் சுமார் 8.6 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). புரோகிராம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காதுக்குத் தெரியும் அளவு விலகல் அது.

ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கும் இந்த வேலைக்குத் தோதில்லை. தடித்த ஆறாம் தந்தி 82.41 ஹெர்ட்ஸ், அங்கே 1 ஹெர்ட்ஸ் தவறினால் 21 சென்ட் போய்விடும். போதாக்குறைக்கு, அந்தத் தந்தியின் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும் ஒலி) பல சமயம் அடிப்படை ஒலியைவிட ஓங்கி நிற்கும். அலை எத்தனை சாம்பிளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று தேடும், 2002இல் வெளியான யின் (YIN) முறைதான் கைகொடுக்கிறது. டைமர் வழியாக 8 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் எடுத்தால் ஆறாம் தந்தியின் பத்து அலைகள் கிடைக்கும். ஒன்றாம் தந்திக்கு (329.63 ஹெர்ட்ஸ்) ஓர் அலைக்கு 24 சாம்பிள்தான், ஒரு சாம்பிள் தள்ளினால் 70 சென்ட். அதனால் இரு சாம்பிளுக்கு நடுவே உள்ள இடத்தையும் கணிக்கும் பரவளைய இடைக்கணிப்பைச் சேர்க்காமல் விடக்கூடாது.

இனி மோட்டார். அது ஓடும்போது அளக்கவே கூடாது, கியர் சத்தம் நேராகப் பீசோவில் விழும். ஒரு துடிப்பு (மோட்டாரின் சிறு ஓட்டம்), நிறுத்தம், 300 மில்லிவினாடி பொறுத்து அளவு, மறுபடி துடிப்பு. 50 சென்ட்டுக்கு மேல் விலகியிருந்தால் 200 மில்லிவினாடி, 10க்குள் வந்ததும் 30 மில்லிவினாடி, 2 சென்ட்டுக்குள் வந்தால் நிறுத்தம். மீட்டிய உடனே சுருதி சற்று ஏறி நிற்கும் என்பதால் முதல் 200 மில்லிவினாடியைத் தள்ளிவிடுங்கள். மற்றத் தந்திகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது நல்லது.

சுருதி கூடியிருந்தால் நேராக இறக்கி நிறுத்தக்கூடாது. 20 சென்ட் கீழே போய், மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கீயின் பல்லிடைவெளியில் இருக்கும் தளர்வு, நாலு ஸ்ட்ரம் அடித்ததும் தந்தியை இறக்கிவிடும். ஏற்றும்போது "டிங்" என்று சத்தம் கேட்டு 15 சென்ட் தாவினால் குற்றம் புரோகிராமில் இல்லை. நட்டின் (தலைப்பகுதிக்குக் கீழே தந்திகள் பதியும் பட்டை) பள்ளத்தில் தந்தி சிக்கி விடுபடுகிறது; பென்சில் கரியைத் தேயுங்கள்.

தந்தி அறுவதைத் தடுக்க மூன்று தடைகள் கட்டாயம். இலக்கிலிருந்து 300 சென்ட்டுக்கு மேல் விலகல் தெரிந்தால் மோட்டார் அசையக்கூடாது. யின் கணக்கில் வரும் பள்ளம் (சிறியதாக இருந்தால் சுருதி தெளிவு என்று பொருள்) 0.15க்குக் கீழ் இறங்காவிட்டாலும் அசையக்கூடாது. இரண்டு துடிப்புக்குப் பிறகும் பிழை வளர்ந்தால் நின்றுவிட வேண்டும். மூன்றும் மூன்றுமாகக் கீ உள்ள தலையில் இரு பக்கமும் திருப்பும் திசை எதிரெதிர் என்பதால் கடைசித் தடைக்குத்தான் அதிக வேலை.

நாள்பட முதலில் போவது சாக்கெட். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சடித்தது விளிம்பு தேய்ந்து வழுக்கும். 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும், வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் கோணிப்போகும். பெட்ஜி (PETG) பிளாஸ்டிக்கில் அச்சடித்து உள்ளே சைக்கிள் டியூப் துண்டு ஒட்டினால் நன்றாகத் தாங்கும், கீயிலும் கீறல் விழாது. அடுத்தது பீசோவின் நடு வெள்ளைப் பகுதியில் வைத்த சோல்டர். ஒயர் ஆட ஆடக் கழன்றுவரும். ஒயரையும் சேர்த்துச் சூட்டுப் பசையில் அமுக்குங்கள். செல் பாதி இறங்கியதும் மோட்டார் கிளம்பும் நொடியில் போர்டு ரீசெட் ஆனால், பூஸ்ட் மாட்யூலின் உள்ளீட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டு, போர்டுக்குச் செல்லிலிருந்து தனி ஒயர் இழுங்கள்.

ஸ்டீல் தந்தி அகௌஸ்டிக்கில் இரண்டு சுற்றில் ஆறு தந்தியும் சேர்ந்துவிடும். புது நைலான் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும்; அதுவரை அடிக்கடி சேர்க்க வேண்டியதுதான். மிதக்கும் பிரிட்ஜ் (தந்தியின் இழுப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆடும் பிரிட்ஜ்) உள்ள எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். ஒன்றை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். கருவி சுற்றிச் சுற்றி வரும், செல்தான் காலியாகும்.