தயிர் பாக்டீரியாவின் ஈ.பி.எஸ். அளக்க எந்த மீடியம்?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற இரு தயிர் பாக்டீரியாக்களும் செல்லுக்கு வெளியே பாலிசாக்கரைடை (சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி) விடுகின்றன. ஆய்வகங்களில் அதை ஈ.பி.எஸ். என்பார்கள். தயிர் கெட்டியாக நிற்பதிலும், சில ஸ்ட்ரெயின்களில் (ஒரே இனத்தின் வகைகளில்) நூல் விடுவதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கிடைப்பது கொஞ்சம்தான். பெரும்பாலான ஸ்ட்ரெயின்களில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராமிலிருந்து சில நூறு வரை. அதனால் எந்த மீடியத்தில், அதாவது ஊட்டக் கரைசலில், பாக்டீரியா செழித்து வளர்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். பாக்டீரியா போடாத வெறும் மீடியத்தையும் (இதுதான் பிளாங்க்) அதே முறையில் பிரித்தெடுத்தால் எவ்வளவு சர்க்கரை காட்டுகிறது? பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்தச் சோதனையில் முதலில் அடிபடுவது எம்.ஆர்.எஸ். 1960-இல் வந்த மீடியம். லாக்டோபேசில்லஸ் வளர்க்க இன்றும் எல்லோரும் எடுப்பது அதைத்தான். லிட்டருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், ஈஸ்ட் சாறு 4 முதல் 5 கிராம், அதோடு பெப்டோன், மாட்டிறைச்சிச் சாறு. வில்லன் ஈஸ்ட் சாறு. ஈஸ்டின் செல்சுவரிலிருந்து வரும் மேனன் ஒரு பாலிசாக்கரைடு, எத்தனாலில் ஈ.பி.எஸ்.ஸோடு சேர்ந்து படியும், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையை விட்டு வெளியேறாது, சர்க்கரையை அளக்கும் ஃபீனால்–சல்ஃபூரிக் அமிலச் சோதனையில் அதே ஆரஞ்சு நிறம் தரும். பிளாங்க்கைக் கழித்துவிடலாமே என்றால், இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தை நம்ப வேண்டிவரும். தெர்மோஃபிலஸ் ஈ.பி.எஸ்.ஸில் பொதுவாக இருப்பவை காலக்டோஸ், குளுக்கோஸ், ராம்னோஸ். சர்க்கரைக் கூறுகளைப் பிரித்துப் பார்க்கையில் மேனோஸ் நிறையத் தெரிந்தால் ஈஸ்ட் மீது சந்தேகப்படுங்கள். எம்.ஆர்.எஸ்.ஸை இனாகுலம் (விதைக் கல்ச்சர்) தயாரிக்க வைத்துக்கொள்ளலாம், அளவீட்டுக்கு வேண்டாம்.

எம்17 என்ற மீடியத்திலும் அதே குறை உண்டு, ஈஸ்ட் சாறு 2.5 கிராம் என்பதால் சற்றுக் குறைவாக. லிட்டருக்கு 19 கிராம் பீட்டா-கிளிசரோஃபாஸ்ஃபேட் இருப்பதால் பிஹெச் மெதுவாக இறங்கும், தெர்மோஃபிலஸுக்கு அது பிடிக்கும். பல்கேரிகஸின் பல ஸ்ட்ரெயின்கள் அதில் சரியாக வளர்வதில்லை. லாக்டோஸ் 5 கிராம்தான். சர்க்கரை தீர்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும் என்பதால் 20 கிராமாக உயர்த்த வேண்டும்.

ஆடை நீக்கிய பால்தான் இந்த பாக்டீரியாக்களின் சொந்த வீடு. 10 சதவீதப் பால்பவுடர் கரைசலை 110 டிகிரியில் 10 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்தால் போதும். 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் பழுப்பேறிவிடும். தயிரின் தன்மையோடு ஈ.பி.எஸ்.ஸைத் தொடர்புபடுத்த வேண்டுமானால் இதைவிட்டால் வழியில்லை. சிக்கல் பிரித்தெடுப்பில் இருக்கிறது. அந்தக் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 50 கிராம் லாக்டோஸ் உண்டு. பாக்டீரியா மூன்றில் ஒரு பங்கைத் தின்றாலும் 33 கிராம் மிச்சம். டயாலிசிஸில் அதில் ஒரே ஒரு சதவீதம் தங்கிவிட்டால் 330 மில்லிகிராம். நாம் தேடும் ஈ.பி.எஸ். 100 மில்லிகிராம் என்றால், வரும் எண்ணில் முக்கால் பங்கு லாக்டோஸ்! போதாக்குறைக்குப் பால்புரதமான கேசீன் தயிர்க்கட்டியாகப் படியும்போது ஈ.பி.எஸ்.ஸில் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு போகும். அடியில் படிந்த அந்தப் பெல்லட்டை 4 சதவீத டிசிஏ-யில் (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) மறுபடி கலக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, அந்தத் திரவத்தையும் சேர்த்துக்கொண்டால் இழப்பு குறையும்.

அளவுதான் கேள்வி என்றால் என் ஓட்டு, ஈஸ்ட் சாறும் இறைச்சிச் சாறும் இல்லாத அரைவரையறை (பெரும்பாலான கூறுகள் தெரிந்த) மீடியத்துக்கு. எம்.ஆர்.எஸ்.ஸின் உப்புகளையும் ட்வீன் 80-ஐயும் அப்படியே வைத்துக்கொண்டு, சாறுகளுக்குப் பதில் கேசீன் டைஜஸ்ட் 10 கிராம், யீஸ்ட் நைட்ரஜன் பேஸ் 5 கிராம். பெயரில் யீஸ்ட் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது ஈஸ்டுக்கான விட்டமின், தாதுக் கலவை, பாலிசாக்கரைடு கிடையாது. விட்டமின்கள் சூட்டில் கெடும் என்பதால் அதை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிச் சேர்க்கவும். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து ஆறியபின் கலக்கவும். சேர்த்தே சூடாக்கினால் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து மீடியம் கறுக்கும். வளர்ச்சி எம்.ஆர்.எஸ்.ஸைவிட மந்தமாக இருக்கலாம், ஆனால் பிளாங்க் சுத்தமாக இருக்கும். எம்.ஆர்.எஸ்.ஸையே 10 கிலோடால்டன் சவ்வில் வடிகட்டி மேனனை நீக்குவது இன்னொரு வழி. சவ்வு அடைத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் பொறுமை தாங்காது.

மீடியம் எதுவானாலும் பிரித்தெடுப்பு ஒன்றுதான். 42 டிகிரியில் வளர்த்து, மணிக்கணக்கில் மாதிரி எடுக்கவும். வளர்ச்சி நின்றபின் விட்டுவைத்தால் பாக்டீரியாவின் சொந்த நொதிகளே ஈ.பி.எஸ்.ஸை உடைக்கத் தொடங்கலாம். எடுத்ததும் 100 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் நொதிகள் அடங்கும், செல்லில் ஒட்டியிருக்கும் ஈ.பி.எஸ்.ஸும் கழலும். ஆறியபின் டிசிஏ 4 சதவீதம், சென்ட்ரிஃபியூஜ், தெளிந்த திரவத்துக்கு மூன்று மடங்கு குளிர்ந்த எத்தனால், 4 டிகிரியில் ஓர் இரவு. படிந்ததைத் தண்ணீரில் கரைத்து, 12–14 கிலோடால்டன் பையில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ். நாள் கணக்கை நம்பாதீர்கள். கடைசியாக மாற்றிய தண்ணீரில் 1 மி.லி. எடுத்து ஃபீனால் சோதனை செய்யுங்கள். நிறம் வந்தால் இன்னும் முடியவில்லை. 490 நானோமீட்டரில் அளக்கும்போது வெறும் மீடியத்தின் பிளாங்க் முதல் படியிலிருந்தே கூட வந்திருக்க வேண்டும், கடைசியில் சேர்ப்பது பிளாங்க் ஆகாது.

நிறைய ஸ்ட்ரெயின்களிலிருந்து ஈ.பி.எஸ். விடுபவற்றைச் சலித்தெடுக்க மட்டும் என்றால் இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. பால் அகாரில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் ருத்தீனியம் ரெட் சேர்த்துத் தட்டுப் போடுங்கள். சாயம் செல்சுவரில் ஏறும், ஈ.பி.எஸ். போர்த்திய காலனியில் ஏறாது. வெள்ளைக் காலனி வேண்டும், இளஞ்சிவப்பு வேண்டாம். லாக்டோகாக்கஸ் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி செய்து பார்ப்பது நல்லது: அவற்றில் ஈ.பி.எஸ். மரபணுக்கள் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையத்தில்) இருப்பதால் மீண்டும் மீண்டும் மாற்றி வளர்க்கையில் குணமே போய்விடும். வெள்ளையாக வந்த காலனியை அன்றே கிளிசராலில் கலந்து மைனஸ் 80-இல் வைத்துவிடவும்.