டிராக் காரின் பிரேக் டக்ட்டுக்கு ஏற்ற ஹோஸ்: மூன்று வகைகளைப் பொருத்தி ஓட்டிய அனுபவம்

பந்தய டிராக்கில் ஓட்டும் என் காரின் முன் பம்பர் வாயிலிருந்து முன் பிரேக்குகளுக்குக் காற்று கொண்டுபோக இதுவரை மூன்று வகை ஹோஸ்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது காரில் இருப்பது, கம்பிச் சுருளின் மேல் சிலிக்கான் பூசிய ஃபைபர்கிளாஸ் துணியைச் சுற்றிச் செய்த இரட்டை அடுக்கு ஹோஸ். இந்த மதிப்புரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான் என்றாலும், முன்பு போட்டவற்றை ஏன் கழற்றினேன் என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும்.

முதலில் போட்டது, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் மாட்டும் மெல்லிய அலுமினியத் தாள் ஹோஸ். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால் சூட்டைத் தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். சூட்டைத் தாங்கத்தான் செய்தது. ஆனால் இரண்டாம் நாள் முன்சக்கரத்தைக் கழற்றியபோது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மடிந்து நிமிர்ந்த இடத்தில் தாள் கிழிந்து, கம்பிச் சுருள் மட்டும் விலா எலும்புபோலத் தெரிந்தது. சுவரோடு அசையாமல் கிடக்க வேண்டிய பொருளை, சக்கரத்தோடு சேர்ந்து ஓயாமல் ஆடும் இடத்தில் மாட்டியது என் தவறு.

அடுத்தது நியோப்ரீன் பூசிய ஹோஸ். நன்றாக வளையும், உரசலைத் தாங்கும், கைக்கு அடங்கும். அதன் எல்லை ஏறத்தாழ 135 முதல் 150 டிகிரி வரைதான். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டும் இடத்தில் இது எப்படிப் பிழைக்கும் என்று தோன்றலாம். கார் ஓடும் வரை உள்ளே வெளிக்காற்று பாய்ந்துகொண்டே இருப்பதால் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருக்கும். ஆபத்து, காரை நிறுத்திய பிறகுதான் தொடங்குகிறது. காற்று நின்றுவிடும், டிஸ்க்கின் அனல் மட்டும் நேராக ஹோஸின் வாயில் அடிக்கும். சூடாறுவதற்கென்று ஒரு சுற்று மெதுவாக ஓட்டாமல் நேரே உள்ளே வந்து நிறுத்திய நாட்களின் பலன், கடைசிச் சாண் நீளம் அப்பளம்போல விறைத்து, விரலால் அழுத்தினாலே வெடிப்பு விட்டது. பம்பர் பக்கத்துப் பாதியோ புதிது மாதிரியே இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

சிலிக்கான் ஹோஸ் தொடர்ச்சியாக 260 டிகிரி வரை தாங்கும். நிறுத்திய பின் வரும் அனலுக்கு அது போதும் என்பதை ஒரு பருவம் முழுவதும் பார்த்துவிட்டேன். வாங்கும்போது கவனிக்க வேண்டியது அடுக்குகளின் எண்ணிக்கை. விமானங்களுக்கான இதே வகை ஹோஸ்களில் நியோப்ரீன் ஓரடுக்கை ‘கேட்’ என்றும் ஈரடுக்கை ‘சீட்’ என்றும், சிலிக்கான் ஓரடுக்கை ‘ஸ்காட்’ என்றும் ஈரடுக்கை ‘ஸ்கீட்’ என்றும் சொல்வார்கள். ஓரடுக்கில் சுருளின் மேடு பள்ளங்கள் உள்ளேயும் இருப்பதால் காற்று வேகம் இழக்கும். ஈரடுக்கில் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும், பதிலுக்குச் சற்று விறைப்பாக வளையும்.

ஈரடுக்கிலும் ஒரு குறை உண்டு. நான் வாங்கிய முதல் ஜோடியில் ஒன்றின் உள்அடுக்கு, வெட்டிய முனையிலிருந்து உரிந்து, நாக்குபோல மடிந்து பாதையைப் பாதி அடைத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. டிஸ்க் விளிம்பில் பூசும் வெப்பமானிப் பெயின்ட்தான் காட்டிக்கொடுத்தது: 430 டிகிரியில் நிறம் மாறும் பச்சைக் கோடு இரு பக்கமும் மாறியிருக்க, 560 டிகிரியில் மாற வேண்டிய ஆரஞ்சுக் கோடு வலப்பக்கம் மட்டும் மாறியிருந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் சிக்கிக்கொண்டது என்று நினைத்து அதைப் பிரித்து, ஒரு மாலைப் பொழுதை வீணாக்கிய பிறகே ஹோஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கத் தோன்றியது. இப்போது வெட்டிய முனைகளை, கம்பி நுனியை உள்ளே மடக்கி, தானாக ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பால் சுற்றிவிடுகிறேன். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி டயரின் பக்கச்சுவரைக் கீறவும் கூடும்.

அளவைப் பொறுத்தவரை, 76 மில்லிமீட்டர் ஹோஸின் குறுக்குப் பரப்பு 51 மில்லிமீட்டரைப்போல இரண்டேகால் மடங்கு. ஆனால் டயரில் உரசி நசுங்கிய 76-ஐவிட ஒழுங்காகச் செல்லும் 63 மில்லிமீட்டர் ஹோஸே நல்லது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் முழுவதும் நகர்த்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்காமல் நீளத்தை வெட்ட வேண்டாம்.

டிஸ்க் பக்க முனைத்தகடு அலுமினியத்திலோ எஃகிலோ இருக்கட்டும். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்ட முப்பரிமாணத் துண்டு 60 டிகிரியிலேயே இளகிவிடும். அது பம்பர் வாய்க்குக்கூட உகந்ததல்ல. வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டையும் டிஸ்க் பக்கம் ஆகாது, எவர்சில்வர் கிளாம்ப் போடவும். தகட்டின் வாய், டிஸ்க்கின் ஒரு முகத்தைப் பார்த்தல்லாமல் நடுக்கண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். காற்றறை உள்ள டிஸ்க் சுழலும்போது மையத்திலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வீசும் விசிறியாக வேலை செய்கிறது. ஒரு முகத்தில் மட்டும் ஊதினால் இரு முகங்களுக்கும் சூடு வேறுபட்டு டிஸ்க் கோணிக்கொள்ளும்.

முழு நீளத்துக்கும் ஈரடுக்குச் சிலிக்கானே போடலாம், தவறில்லை. நான் பம்பர் வாயிலிருந்து, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவான வீல் ஆர்ச் வரை பழைய நியோப்ரீனையே விட்டுவைத்து, அங்கிருந்து டிஸ்க் வரை மட்டும் சிலிக்கானைப் போட்டு, இரண்டையும் ஒரு சாண் நீள அலுமினியக் குழாயால் இணைத்திருக்கிறேன். தேய்வதும் கருகுவதும் அந்தக் கடைசித் துண்டுதான் என்பதால், இரண்டு கிளாம்ப்புகளைத் தளர்த்தி அதை மட்டும் மாற்றினால் போதும்.