குரூப் 4 மாதிரித் தேர்வுகள்: மதிப்பெண் பட்டியல் சொல்லாத கணக்கு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இயங்கும் பயிற்சி மையமொன்றில் 1,500 ரூபாய் கட்டி, தமிழக அரசுப் பணிகளுக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்து முழு மாதிரித் தேர்வுகளை எழுதி முடித்தேன். வினாக்களின் தரத்தில் குறையில்லை, வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளும் அசலைப் போலவே இருந்தது. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் தரும், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படாத இத்தேர்வில், ‘விடை தெரியவில்லை’ என்னும் ஐந்தாவது வட்டத்தை நிரப்புவோர் ஒவ்வொரு முறையும் சராசரியாக 0.375 மதிப்பெண்ணைக் கைவிடுகின்றனர் என்பதையும் முதல் நாளே தெளிவாக விளக்கினர்.

குறை மதிப்பெண் பட்டியலில்தான் இருக்கிறது. ஐந்தாம் தேர்வில், குருட்டாம்போக்கில் விடையளித்த வினாக்களுக்கெல்லாம் வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். 88 புள்ளிகள் சேர்ந்தன. நான்கில் ஒன்று என்ற கணக்கில் 22 சரியாக வந்திருக்க வேண்டும்; 24 வந்தன. ஆக, மையம் அச்சிட்டுத் தந்த 131 சரியான விடைகள் என்ற எண்ணில் நான் படித்துப் பெற்றவை 107 மட்டுமே. அடுத்த தேர்வில் 127 ஆகக் குறைந்தபோது ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்கள். 88 வினாக்களை ஊகித்தால் நான்கு விடைகள் கூடுவதும் குறைவதும் இயல்பே என்பதால், அந்தச் சிவப்பு மைக்குப் பொருளே இல்லை.

‘தெரியாததற்கெல்லாம் சி போடுங்கள்’ என்று தனி வகுப்பு எடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களது ஐந்தாம் தேர்வின் விடைக்குறிப்பை எண்ணிப் பார்த்தேன். 200 விடைகளில் 63 ‘சி’. தாம் தயாரித்த தாளில் தமது உத்தி பலிப்பதில் வியப்பென்ன? விடைகள் சீராகக் கலந்த தாளில் எந்த எழுத்தைப் போட்டாலும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: 200 வினாக்களுக்கு 50 சரி, அதாவது 75 மதிப்பெண். குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணோ 90. அதற்கும் முன்பாகத் தமிழ்ப் பகுதியின் 100 வினாக்களில் 40 சரியாக வேண்டும். ஊகத்தை மட்டும் நம்பி அதைத் தாண்டுபவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இரார்.

பயிற்சிக்காகச் சேரலாம். ஆனால் மதிப்பெண் பட்டியலை நம்பாமல், பென்சிலை உடன் எடுத்துச் செல்லுங்கள்.